நூற்றுக்கு நூறு வாங்கும் மகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். சொந்த ஊர் கடலூர், இப்போது இருப்பது டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம். மகள் எட்டாம் வகுப்பு. ஆஸ்துமா தொந்தரவு அதிகமானதால் இந்த வருடம் ஆன்லைன் பொதுப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். பள்ளிக்காரர்கள் என்னை ‘லேர்னிங் கோச்’ என்கிறார்கள். நான் பி.காம். கணக்கையும் சயின்ஸையும் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். அமெரிக்க வரலாறுதான் உதைக்கிறது. வாஷிங்டன், லிங்கன் தாண்டி எனக்கு ஒரு பெயரும் தெரியாது.

அவள் மார்க்கில் குறையே இல்லை. ஸ்லைடுகளைத் தட்டித் தட்டி முடிக்கிறாள், க்விஸ்ஸில் நூற்றுக்கு நூறு. போன வாரம் சாப்பிடும்போது அவள் அப்பா, “பாஸ்டனில் டீயை ஏன் கடலில் கொட்டினார்கள்?” என்று கேட்டார். “டாக்ஸ்” என்றாள். என்ன டாக்ஸ், யார் போட்டது, எவ்வளவு என்றால், “அதெல்லாம் க்விஸ்ல வராதுப்பா.” அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையா, மாநில உரிமையா என்பதிலும் பாடம் ஒன்று சொல்கிறது, யூடியூப் ஒன்று சொல்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறொன்று சொல்கிறார்.

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? ட்யூஷன் வைத்துவிடலாமா? இது நம்முடைய வரலாறும் இல்லையே, ஒட்டவே மாட்டேன் என்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ட்யூஷன் வேண்டாம். ட்யூஷன்காரரும் அதே க்விஸ்ஸுக்குத்தான் தயார் செய்வார்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்க அரசு நாடு தழுவிய அளவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஒரு தேர்வு வைத்துப் பார்க்கிறது. 2022ல் அதில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 13 சதவீதம் பேர்தான். தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோர் தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஆன்லைன் பாடத்தில் இந்தக் குறை இன்னும் சுலபமாக ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஒரு வீடியோ, பத்து ஸ்லைடு, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, தப்பானால் இன்னொரு தடவை. சரியான விடையைக் கண்ணால் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ள உங்கள் மகளுக்குத் தெரியும். விடைகளை மறைத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அவள் அப்பா ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. கல்லூரியில் வரலாறு நடத்தியே தலை நரைத்தவன் நான். விடை தெரிந்த ஆசிரியர் கேட்கிற கேள்விக்குப் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். உங்கள் முகத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் அவள் ஆசிரியை, நீங்கள் மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். அந்த வாரப் பாடத்திலிருந்து ஒரே ஒரு சங்கதியை அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். ஆங்கிலம் எத்தனை கலந்தாலும் பரவாயில்லை. ஸ்லைடில் இருந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க முடியாமல் போகும், நமக்கு வேண்டியது அதுதான். நீங்கள் புரியாத இடத்தில் எல்லாம் குறுக்கே கேளுங்கள். யார் எழுதினான், எப்போது, யாருக்கு, அதில் அவனுக்கு என்ன லாபம், எவன் மறுத்தான்?

அந்த டீயையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ்காரன் காலனி. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன்காரர்கள் கப்பலில் இருந்த டீயைக் கடலில் கொட்டினார்கள், 342 பெட்டிகள், 92 ஆயிரம் பவுண்டு எடைக்கு மேல். வரி ஏறியதால் கொட்டினார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட டீ சட்டம் புதிதாக வரி எதுவும் விதிக்கவில்லை, அதனால் டீ விலை குறையத்தான் செய்தது! கிழக்கிந்தியக் கம்பெனி நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. லண்டன் கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. கம்பெனி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பித் தானே பொறுக்கிய ஏஜெண்டுகள் மூலம் விற்கலாம், இங்கிலாந்தில் கட்டவேண்டிய தீர்வை கிடையாது என்று பாராளுமன்றம் சலுகை கொடுத்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவாக டீ கிடைத்தும் ஏன் கொட்டினான்? இந்தக் கேள்வியை மகளிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்களுக்கு ஓட்டில்லாத பாராளுமன்றம் எங்கள் மேல் வரி போடக்கூடாது என்ற கொள்கை ஒரு பக்கம். ஏஜெண்டு பட்டியலில் இடம் கிடைக்காத உள்ளூர் வியாபாரிகளின் எரிச்சல், டச்சுக்காரர் டீயைக் கடத்தி விற்றவர்களின் வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று அவளே எடை போடட்டும். (போகிற போக்கில் ஒன்று. அது நம்மூர் டீ இல்லை, சீனத்து டீ. அஸ்ஸாமில் தோட்டங்கள் வந்தது அதற்கு அறுபது வருடம் கழித்துத்தான். நம் ஆட்கள் இதில் வீண் பெருமை கொண்டாடுகிறார்கள்.)

அடுத்தது, பாடத்தைவிட மூல ஆவணம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் பழைய தாள்களைப் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கின்றன, மாணவர்களுக்கென்று தனிப் பகுதியோடு. என் பேத்தி ஒஹாயோவில் இதே வகுப்புப் படித்தபோது வீடியோ காலில் நாங்கள் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன். 1769 செப்டம்பரில் ‘வர்ஜீனியா கெஸட்’ பத்திரிகையில் வந்த விளம்பரம். சாண்டி என்ற அடிமை ஓடிவிட்டான். வயது சுமார் 35, கட்டை குட்டையான உடம்பு, தொழில் செருப்புத் தைப்பது, பெரும்பாலும் இடது கையால் வேலை செய்வான், குடிப்பான், குடித்தால் அடங்கமாட்டான். ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் தொழில் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். உள்ளூர் கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பிடித்தால் 40 ஷில்லிங், வேறு காலனியில் பிடித்தால் 10 பவுண்டு. கீழே கையெழுத்து, தாமஸ் ஜெஃபர்சன். ஏழு வருடம் கழித்து, மனிதர்கள் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதினாரே, அதே ஜெஃபர்சன்.

நான் ஜெஃபர்சனின் முரண்பாட்டைப் பற்றி ஒரு லெக்சருக்குத் தயாராக இருந்தேன். பேத்தி அந்தப் பக்கமே போகவில்லை. “தாத்தா, டூல்ஸ் எடுத்துட்டுப் போயிருக்கார். அப்போ எங்கேயாவது கடை போடணும்னு பிளான் இருந்திருக்கு” என்றாள். குதிரையை விற்றால் முதல் போடப் பணம் என்றும் கணக்குப் போட்டாள். எஜமான் எழுதிய விளம்பரத்துக்குள் இருந்து ஓடியவரின் திட்டத்தை அவள் உருவி எடுத்துவிட்டாள். திட்டம் பலிக்கவில்லை. சாண்டி பிடிபட்டார், 1773ல் ஜெஃபர்சன் அவரை விற்றுவிட்டார்.

இந்த ஓடிப்போனவரையே நூலாகப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் இந்த வருடப் பாடம் முழுவதையும் கடந்துவிடலாம். எட்டாம் வகுப்பு டெக்சாஸ் பாடத்திட்டம் 1877 வரை போகிறது. 1787ல் எழுதிய அரசியல் சாசனத்திலேயே, ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொரு மாநிலத்துக்குப் போன அடிமையைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. 1850ல் அதற்குப் பல் வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர் அடிமைதானா என்று விசாரிக்கிற அதிகாரிக்கு, ஆமாம் என்று திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். அனுப்புவதில்தான் எழுத்துவேலை அதிகம் என்று சமாதானம் சொன்னார்கள். பி.காம். படித்த உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவேண்டியதில்லை. அடிமை முறை இல்லாத வட மாநிலங்கள் பல இதற்கு ஒத்துழைக்க மறுத்தன, தடுக்கச் சட்டமே போட்டன.

இங்கேதான் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வருகிறார். டெக்சாஸ் உள்படத் தென் மாநிலங்கள் அமெரிக்க யூனியனை விட்டுப் பிரிந்ததில்தான் உள்நாட்டுப் போர் மூண்டது. டெக்சாஸ் ஏன் பிரிந்தது என்று அவரையும் கேட்கவேண்டாம், யூடியூபையும் கேட்கவேண்டாம். பிரிந்தவர்களே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1861 பிப்ரவரி 2 தேதியிட்ட டெக்சாஸ் பிரகடனம் இணையத்தில் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். கறுப்பர்களை அடிமையாக வைத்திருக்கும் முறையைப் பேணுகிற மாநிலமாகவே நாங்கள் யூனியனில் சேர்ந்தோம், அது எதிர்காலம் முழுக்க நீடிக்கவேண்டும் என்பதே எங்கள் மக்களின் எண்ணம் என்று அதில் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. மெய்ன், வெர்மான்ட், ஒஹாயோ என்று வட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. என்ன குற்றம்? ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பும் விதியைத் தங்கள் சட்டங்களால் மீறினார்கள் என்பது! அதாவது அந்த மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் டெக்சாஸுக்குப் புகார். மாநில உரிமைக்காகத்தான் போர் நடந்தது என்று யாராவது சொன்னால், எந்த மாநிலத்தின் எந்த உரிமை என்று உங்கள் மகள் திருப்பிக் கேட்கட்டும். பெரியவரிடம் மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள், அக்கம்பக்கம் முக்கியம்.

பாடமும் வீடியோவும் ஏன் முரண்படுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. டெக்சாஸ் பாடத்திட்டத்தில் முன்பு பிராந்தியவாதம் (வடக்கு, தெற்கு என்று பிரிந்து நிற்பது), மாநில உரிமை, அடிமை முறை என்று மூன்றையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அடிமை முறையின் விரிவாக்கமே மையம் என்று மாநிலக் கல்வி வாரியம் திருத்தியது 2018ல்தான். பழைய பாடத்துக்கு எடுத்த வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த நூலிழை வந்து முடிகிற இடம் உங்கள் வீட்டுக்கு மிகப் பக்கம். 1865 ஜூன் 19, கால்வெஸ்டன். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து இரண்டரை வருடம் கழித்து, வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் டெக்சாஸ் அடிமைகள் எல்லோரும் விடுதலை என்று ஆணை பிறப்பித்தார். ஜூன்டீன்த் விடுமுறை வந்தது அதனால்தான். முழுச் சமத்துவம் என்று ஆரம்பிக்கிற அந்தச் சின்ன ஆணை, இருக்கிற வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுத்தான் முடிகிறது. இதை அவள் முதலில் வீட்டில் வாசிக்கட்டும், பிறகு ஒரு சனிக்கிழமை காரில் அழைத்துக்கொண்டு போங்கள். கால்வெஸ்டனின் ஸ்ட்ராண்ட் பகுதியில் ஒரு கட்டடச் சுவர் முழுக்க இதைப் பற்றிய ஓவியம் இருக்கிறது. ஜூன் புழுக்கம் ஆஸ்துமாவுக்கு ஆகாது, குளிர்காலத்தில் போவது நல்லது.

ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் கடலூர்க்காரியாக இருந்துகொண்டு! அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1778ல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததும் சண்டை இந்தியாவுக்கும் தொற்றியது. 1782ல் பிரெஞ்சுப் படை ஹைதர் அலியின் துணையோடு கடலூரைப் பிடித்தது. 1783 ஜூனில் ஆங்கிலேயர்கள் வந்து முற்றுகையிட்டார்கள். ஜூன் 20 அன்று உங்கள் ஊர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. அதற்குப் பல மாதம் முன்பே ஐரோப்பாவில் சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன, சேதி வந்து சேரவில்லை. அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் 1775ல் தொடங்கிய போரின் கடைசிப் பெரிய மோதல் கடலூரில்தான் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்கு வைக்கிறார்கள். யார்க்டவுனில் 1781ல் வாஷிங்டனிடம் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ், பிற்பாடு கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து திப்புவோடு போரிட்டவர். மகளிடம் ஒரு உலக வரைபடத்தைக் கொடுத்து லெக்சிங்டனையும் கடலூரையும் குறிக்கச் சொல்லுங்கள். க்விஸ்ஸில் வராது, வராவிட்டால் போகட்டும்.

க்விஸ்ஸை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுப் பள்ளி என்றால் மாநிலத் தேர்வு உண்டு, பாடங்களைத் தேதிக்குள் முடித்தாக வேண்டும். அதை அவள் தன் வேகத்தில் தட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் தலையிட வேண்டாம். உங்கள் வேலை அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

1877க்குப் பிறகான வரலாறு உயர்நிலைப் பள்ளியில் வரும். அதில் 1923ல், குடியுரிமை கேட்ட பஞ்சாபியர் பகத் சிங் திந்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர் ‘வெள்ளையர்’ ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்ததைப் படிக்கக்கூடும். 1946ல் குடியுரிமை திறந்தாலும் இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு 100 பேர்தான் என்று ஒதுக்கினார்கள். 1965 சட்டம்தான் அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிக் கதவைத் திறந்தது. அப்போது நீங்கள் இருவரும் எந்த வழியாக உள்ளே வந்தீர்கள் என்று கேட்பாள். முதல் விசா குத்திய பழைய பாஸ்போர்ட்டுகளை வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.