‘தி தேர்ட் மேன்’: 40 நிமிடத்தில் நிறுத்தியவருக்கு

படத்தை நிறுத்தாதீர்கள். நடிகர் ஆர்சன் வெல்ஸ் முகம் காட்டுவதே ஒரு மணி நேரம் தாண்டித்தான். "40 நிமிடமாக ஆளே வரவில்லை, இதுவா சிறந்த பிரிட்டிஷ் படம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்டரில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு அவருக்காகக் காத்திருந்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கதையின் நாயகன் ஜோசப் காட்டன்தான். நண்பனின் மரணத்தை விசாரிக்கும் அவரோடு சேர்ந்து வியன்னாவின் இடிபாடுகளில் நீங்களும் விசாரித்துக்கொண்டே போங்கள். ஈரமான கல் பாவிய தெரு, ஒரு வாசல் இருட்டு, அங்கே ஒருவரின் ஷூவை உரசும் பூனை. அந்த இடம் வரைக்குமாவது பாருங்கள்.

அப்புறம், எந்தப் பிரதி என்று சரிபாருங்கள். 1949இல் வந்த பிரிட்டிஷ் பிரதி 104 நிமிடம். தொடக்கத்தில் பேசும் குரல் இயக்குநர் கரோல் ரீடுடையது. அமெரிக்காவில் சுமார் 11 நிமிடம் வெட்டி, காட்டனையே பேசவைத்தார்கள். முழுசாக இருப்பதையே பாருங்கள். டிவிடியில் 100 நிமிடம் என்று இருந்தால் பயப்படாதீர்கள், ஐரோப்பிய டிவி முறையில் படம் சற்றே வேகமாக ஓடுவதால் அப்படிக் குறையும்.

ஒன்று மட்டும்: கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு, 1999இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பட்டியலில் முதலிடம் எல்லாம் உண்மைதான். ஆனாலும் சாய்ந்த கேமராவும் விடாமல் ஒலிக்கும் சிதர் (zither என்ற தந்தி வாத்தியம்) இசையும் சிலருக்கு இன்றைக்கும் ஒத்துவருவதில்லை. எனக்கு அந்த இசை இல்லாமல் வியன்னாவே இல்லை. கடைசி ஷாட்டில் கேமரா அசையாது. படம் முடிந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள்.