‘18 வருட அனுபோகம்’ என்று பதில் எழுதாதீர்கள்

கேள்வி: நீலகிரியில் ஒரு நகராட்சி எல்லைக்குள் 18 வருடமாகச் சிறுவர் கால்பந்து கிளப் நடத்துகிறோம். 60 பிள்ளைகள், பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இப்போது மைதானத்தைச் சீசனுக்கு வண்டி நிறுத்த ஏலம் விடுவதாக நகராட்சி தீர்மானம் போட்டுவிட்டது. சாமான் ஷெட்டையும் கம்பிவேலியையும் 15 நாளில் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. வார்டு கவுன்சிலரின் மகனை டீமில் சேர்க்காததுதான் காரணம். 2011இல் அப்போதைய ஆணையர் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்களிடம் இருக்கிறது. சில வருடம் பணம் கட்டிய ரசீதும் உண்டு. போன ஏப்ரலில் மேட்டுப் பக்கத்தை ஜே.சி.பி. விட்டுச் சமன் செய்து, தடுப்புச் சுவரும் கட்டினோம். நாங்கள் எழுதிய பதிலின் நகல் இணைத்திருக்கிறேன். தடை உத்தரவு கிடைக்குமா? (கிளப் செயலாளர்)

பதில்: கவுன்சிலர் மகன் விஷயத்தை விட்டுவிடுங்கள். உள்நோக்கம் என்று சொன்னால் அந்த நபரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்து, ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நகர்மன்றமே நிறைவேற்றிய தீர்மானத்தில் ஒருவருடைய மனக்கசப்பைப் பிரித்துக் காட்டுவது லேசான வேலை இல்லை. உங்கள் பதிலில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கும், கிளப் வென்ற கோப்பைகளின் பட்டியலும் உதவாது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த மண்ணில் நீங்கள் எந்த ஹோதாவில் நிற்கிறீர்கள்?

2011 கடிதத்தில் ‘மாலை நேரங்களில் பயிற்சிக்காகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது, நிரந்தரக் கட்டுமானம் கூடாது’ என்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இது வெறும் உரிமம். குத்தகை அல்ல. கொடுத்தவர் திரும்ப எடுக்கலாம். எடுத்தால், 63ஆம் பிரிவின்படி காலி செய்யவும் சாமான்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் கேட்கலாம். 15 நாள் போதாது என்று வாதாடி இன்னும் சில வாரம் வாங்கலாம், அவ்வளவே.

இப்போது நீங்கள் இணைத்திருக்கும் பதிலுக்கு வருகிறேன். மூன்றாவது பத்தியில் ‘18 வருடமாக எவருடைய அனுமதியுமின்றி, இடையூறின்றி எங்கள் அனுபோகத்தில் இருந்துவருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ உங்களுக்கு ‘12 வருடம் தாண்டினால் எதிரிடை அனுபோகம்’, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் அத்தனை வருடம் வைத்திருந்தால் நிலம் உங்களுடையதாகிவிடும், என்று சொல்லியிருக்க வேண்டும். நகராட்சியின் சொந்த நிலமாக இருந்தால் 12 வருடக் கணக்கைப் பேச இடமுண்டு. அரசு நிலமென்றால் கால வரையறைச் சட்டத்தின் 112ஆம் இனப்படி 30 வருடம். ஆனால் அனுமதியோடு உள்ளே வந்தவருக்கு எத்தனை வருடமானாலும் அது எதிரிடை ஆகாது. உரிமம் கொடுத்தவரின் உரிமையை உரிமம் பெற்றவரே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 116, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 122.

விளைவு என்ன? ‘அனுமதியின்றி’ என்ற ஒரே சொல்லால் கையில் இருக்கும் முக்கியக் காகிதமான 2011 கடிதத்தை நீங்களே கிழித்துப் போடுகிறீர்கள். அரசு நிலமாக இருந்தால் அதோடு தாசில்தார் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்க வாசலைத் திறந்து விடுகிறீர்கள். அடுத்து பி மெமோ, அதாவது ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டச் சொல்லும் நோட்டீஸ், வரும். அபராதம் கட்டிய பி மெமோ ரசீதை உரிமைப் பத்திரம்போல் பீரோவில் பூட்டி வைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அது ஆக்கிரமிப்பாளர் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கான ரசீது. வந்தால் கட்டாதீர்கள், எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.

இதைவிட ஆபத்து ஜே.சி.பி. சமாசாரம். உங்கள் வக்கீல் வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைக் காட்டுவார். உரிமத்தை நம்பி நிரந்தர வேலை செய்து செலவழித்திருந்தால் உரிமத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறது அது. ராம் சரூப் குப்தா வழக்கையும் (1987) எடுத்துப் போடுவார். அங்கே பள்ளி நடத்தவென்றே உரிமையாளர் கொடுத்த இடத்தில் பள்ளி கட்டினார்கள். உங்கள் கடிதமோ கட்டாதே என்று சொல்கிறது. தடையை மீறிக் கட்டியது ‘உரிமத்தின்படி’ கட்டியதாகாது. அதோடு நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை மறக்காத மாவட்டம் இது. சரிவை வெட்டியது யார் என்று எவராவது கேட்டால், செலவுக் கணக்கோடு நீங்கள் போடும் பிரமாண வாக்குமூலமே பதில் சொல்லும். சுவரின் பில்லை எந்த மனுவிலும் இணைக்காதீர்கள். அந்தச் சுவரில் நீர் வடியத் துவாரங்கள் விட்டிருக்கிறதா என்று ஒரு பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் சரிந்தால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

கிளப்புக்கு உரிமை இல்லை, மைதானத்துக்கு இருக்கலாம். அதுதான் உங்கள் பக்கம் உள்ள ஒரே பலமான வாதம். வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும், நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முழுமைத் திட்ட வரைபடத்தையும் எடுங்கள். விளையாட்டுத் திடல் அல்லது திறந்தவெளி என்று ஒதுக்கியிருந்தால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை மாற்றாமல் மன்றத் தீர்மானத்தை மட்டும் வைத்துப் பார்க்கிங் நடத்த முடியாது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் (1991) ஏற்கவில்லை; சுற்றுவட்டாரக் குடியிருப்பவர்கள் வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. ஆகவே மனுதாரர் கிளப் அல்ல, பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும். பதிவேட்டில் ‘ஓடை புறம்போக்கு’ (ஓடைக்கான அரசு நிலம்) என்று இருந்தால் திடல் என்ற வாதமே நிற்காது; வாயைத் திறக்காமல் நகலை மடித்து வைத்துவிடுங்கள். மலையில் சமதளம் என்பது பல இடங்களில் ஓடைக் கரைதானே.

இந்த வாதத்தில் ஜெயித்தாலும் ஒரு கசப்பு உண்டு. பொதுத் திடல் என்று தீர்ப்பானால் உங்கள் கம்பிவேலியும் பூட்டும் அதே தீர்ப்பில் போகும். மாலை 4 மணிக்கு கிரிக்கெட் ஆட வருகிறவர்களைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இராது.

ரிட் போட வேண்டுமென்றால் சென்னை உயர் நீதிமன்றம்தான். பலமுறை நடப்பது இது: ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்தில் பரிசீலிக்க’ என்று உத்தரவாகும், நீங்கள் இனிப்பு கொடுப்பீர்கள், ஆணையர் காரணம் எழுதி நிராகரிப்பார். முன்பு காரணமில்லாத நோட்டீஸ் இருந்தது. இப்போது காரணத்தோடு கூடிய உத்தரவு. நிலைமை மோசமாகும்.

அதனால் பேசி முடியுங்கள். நகராட்சிக்கு வேண்டியது சீசனில் வண்டி நிறுத்த இடம். ஏப்ரல், மே சனி ஞாயிறுகளை விட்டுக் கொடுங்கள். கோடைப் பயிற்சி முகாமை வார நாளுக்கு மாற்றலாம். கம்பிவேலியை நீங்களே எடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள். அதைப் பிடித்துத் தொங்கி லாபமில்லை. பதிலுக்கு மற்ற நாட்களில் காலை 6 முதல் 8, மாலை 4 முதல் 6 என்று நேரம் குறித்து, கழற்றி மாட்டும் கோல் போஸ்ட்டையும் சாமான் பெட்டியையும் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். ஆணையர் கையெழுத்து மட்டும் போதாது, அவர் மாற்றலாகிப் போவார். மன்றத் தீர்மான எண் கடிதத்தில் இருக்க வேண்டும். ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மழையில் வண்டி ஏறிக் கிழிந்த புல்தரையைக் குத்தகைதாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதுவரை வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது. இது விட்டுப்போனால் ஜூனில் பிள்ளைகள் சேற்றில்தான் ஆடுவார்கள்.

நோட்டீசுக்குப் பதில் இரண்டே பத்தி போதும். 2011 அனுமதியின்படி பயன்படுத்துகிறோம். அவகாசமும் நேரில் பேச வாய்ப்பும் வேண்டும். பிள்ளைகளை ஜெர்சி போட்டு நகராட்சி வாசலில் உட்கார வைக்கும் யோசனை யாருக்கேனும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பேச்சுவார்த்தை அங்கேயே முறியும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை. சங்கப் பதிவுக்குப் பின் நிர்வாகிகள் மாற்றத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பதிவேட்டில் இன்னும் பழைய செயலாளர் பெயர் இருந்தால் உங்கள் கையெழுத்து சங்கத்தைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழும். நகராட்சித் தணிக்கையில் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள். விடுபட்ட வருடங்களின் பட்டியலையும் கணக்கையும் தாமதக் கட்டணத்தோடு முதலில் தாக்கல் செய்யுங்கள், பிறகு ஆணையரைப் பார்க்கப் போங்கள்.