கட்டில், மேசையெல்லாம் நாமே செய்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: வணக்கம் சார். ஓசூரில் வீடு கட்டி முடித்து ஆவணியில் குடிபோகப் போகிறோம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,000, வீட்டுச் செலவு 17,000. கையிருப்பு 90,000. இப்போது எங்களிடம் இருப்பது பழைய இரும்புக் கட்டிலும் ஒரு பீரோவும்தான். புது வீட்டுக்குக் கட்டில், வார்ட்ரோப், டைனிங் டேபிள், மகளுக்குப் படிப்பு மேசை, புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துக் கடையில் 1,60,000 ரூபாய் சொன்னார்கள். "அதில் பாதிச் செலவில் நானே செய்துவிடுவேன்" என்கிறார் கணவர். அவர் போட்ட கருவிப் பட்டியல் 48,000 ரூபாய் வருகிறது. கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ கிடைக்கிறதாம். ஆயிரக்கணக்கான மரச்சாமான் வரைபடங்கள் அடங்கிய தொகுப்பு ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் 4,500 ரூபாய்க்கு இருக்கிறது, அதையும் வாங்கலாம் என்கிறார். இது சரியாக வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: சகோதரி, உங்கள் கணவரால் செய்ய முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெயின்டெனன்ஸ் ஃபிட்டருக்கு அளவெடுக்கவும் மட்டம் பார்க்கவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது பணம் மிச்சமாகுமா என்று. கருவிக்கு 48,000 போட்டால் ஆகாது. 7,000க்குள் கருவி வாங்கி, பட்டியலில் உள்ள சின்னச் சாமான்களை மட்டும் செய்தால் காலப்போக்கில் கொஞ்சம் ஆகும்.

காரணம் எளிது. நாமே செய்யும்போது மிச்சமாவது கூலி மட்டும்தான். பிளைவுட், மைக்கா, கீல், டிராயர் சேனல் இவற்றின் விலை ஆசாரிக்கும் நமக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால் நமக்குக் கூடவே ஆகும். தப்பாக அறுத்த பலகைக்கான செலவும் நம் தலையில்தானே விழும்!

மகளின் படிப்பு மேசையையே எடுத்துக்கொள்வோம். மேல்பலகை 4 அடிக்கு 2 அடி. பக்கவாட்டில் இரண்டு பலகை, ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம், 2 அடி அகலம். பின்பக்கம் ஆடாமல் பிடிக்க 4 அடிக்கு 1 அடி ஒன்று, புத்தகத் தட்டுக்கு அதே அளவில் இன்னொன்று. கூட்டினால் 26 சதுர அடி. ஒரு முழு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. ஒரே ஷீட்டில் மேசை முடிந்து, ஒன்றரை அடிக்கு 2 அடியில் இரண்டு துண்டு மிஞ்சும். அவை செருப்பு ஸ்டாண்டுக்கு ஆகும்.

18 மில்லிமீட்டர் எம்ஆர் பிளைவுட் (ஓரளவு ஈரம் தாங்கும் ரகம்) சதுர அடி 85 ரூபாய் என்று வைத்தால் ஷீட் 2,720. வெளிப்பக்கம் ஒட்ட ஒரு மைக்கா ஷீட் 1,300. ஃபெவிகால், ஸ்குரூ, பலகை விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட், உள்பக்கப் பெயின்ட் எல்லாம் 700. கடையிலேயே அறுத்து வாங்க 300. வண்டி வாடகை 400. மொத்தம் 5,420. இதையே ஆசாரியிடம் கொடுத்தால் அதே சாமானோடு இரண்டு நாள் கூலி, நாளுக்கு 1,200 வீதம் 2,400 சேர்ந்து 7,820 ஆகும். விலையெல்லாம் என் மதிப்பீடுதான், உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. ஆக, ஒரு மேசைக்கு மிச்சம் 2,400 ரூபாய். 48,000 ரூபாய் கருவியின் விலையை எடுக்கவே இப்படி 20 மேசை செய்ய வேண்டும். உங்கள் பட்டியலில் இருப்பதோ மொத்தம் ஆறு சாமான்.

"ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கே படிப்பு மேசை வருகிறதே" என்று யாராவது சொல்வார்கள். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சிம்பையும் பசையோடு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் உப்பும், ஒரு தடவை கழற்றிய ஸ்குரூ மறுபடி இறுகப் பிடிக்காது. பிளைவுட் மேசையை பிளைவுட் மேசையோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

அடுத்து நேரம். புதிதாகச் செய்பவருக்கு இந்த மேசை மூன்று, நான்கு விடுமுறை நாட்களை எடுத்துக்கொள்ளும். உங்கள் கணவருக்கு ஓவர்டைம் கிடைக்குமா? தொழிற்சாலைகளில் ஓவர்டைமுக்குச் சாதாரணச் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். 46,000 ரூபாயை 26 நாளுக்கும் நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்குச் சுமார் 221 ரூபாய். இரட்டிப்பாக்கினால் 442. எட்டு மணி நேர ஓவர்டைம் ஒன்றுக்குச் சுமார் 3,500 ரூபாய். நான்கு ஞாயிறு உழைத்து 2,400 மிச்சம் பிடிப்பதைவிட ஒரே ஒரு ஓவர்டைம் பார்த்து, அந்தப் பணத்தில் ஆசாரிக்குக் கூலி கொடுத்துவிட்டு, மற்ற மூன்று ஞாயிறும் வீட்டில் இருப்பது லாபம். ஓவர்டைம் கிடைக்காத மாதங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது அவர் கையில் இருக்கும் நேரத்துக்கு வேறு விலை இல்லை. அவர் ஆசையோடு செய்கிறார் என்றால் அதற்கும் மதிப்பு உண்டு. மகளுக்கு அப்பா கையால் ஒரு மேசை கிடைப்பதை நான் ரூபாயில் எழுத மாட்டேன். ஆனால் ஆசைக்குச் செய்யும் செலவை ஆசைக் கணக்கிலேயே எழுதுங்கள். அதைச் சிக்கனம் என்று எழுதினால்தான் 48,000 வரை இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது அந்த இஎம்ஐ. நோ காஸ்ட் என்று பெயர் இருந்தாலும் வட்டி இல்லாமல் எந்த வங்கியும் கடன் தருவதில்லை. வட்டி விகிதத்தை மறைத்து 'பூஜ்ய வட்டி' என்று காட்டும் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது வங்கி வட்டி போடுகிறது, அந்த அளவுக்கு விற்பவர் விலையைக் குறைக்கிறார். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உங்களிடம் வசூலாகும். 48,000க்கு, 15 சதவீத வட்டி என்றால், இது சுமார் 660 ரூபாய். பிராசஸிங் கட்டணம் தனி. முழுப் பணம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும்.

இதெல்லாம் சின்னத் தொகைதான். என் கவலை வேறு. தவணையும் வீட்டுச் செலவும் போக உங்களிடம் மாதம் மிஞ்சுவது 8,000. இந்த இஎம்ஐ மாதம் 4,000. மிச்சத்தில் சரிபாதி. புது வீட்டில் முதல் வருடம் மோட்டார், கொசுவலை, கேட், ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் கார்டு பில் முழுதாகக் கட்ட முடியாமல் போனால், பாக்கிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி ஏறும். வருடத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும். ஆணி அடிப்பதற்காக அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.

4,500 ரூபாய் வரைபடத் தொகுப்பு வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு நாணயத்தில் கார்டைத் தேய்த்தால் அதற்கும் மார்க்அப் என்று கூடுதல் கட்டணம் உண்டு என்பது ஒரு பக்கம். அந்த வரைபடம் நம் கடைகளில் கிடைக்கும் மரத்துக்குப் பொருந்தாது என்பதுதான் பெரிய சிக்கல். அமெரிக்க வரைபடங்களில் 'இரண்டுக்கு நாலு' என்று எழுதியிருக்கும் சட்டம் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான். அங்கே பைன் மரத்தை இழைத்து அதே அளவில் எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கே டிம்பர் டிப்போவில் போய் இரண்டுக்கு நாலு கேட்டால் இரண்டுக்கு நாலாகவே அறுத்துத் தருவார்கள், கன அடிக் கணக்கில் காசு வாங்குவார்கள். 6 அடி நீளம், 4 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள ஒரே ஒரு சட்டம் கால் கன அடி. கன அடி 3,000 என்றால் அந்தச் சட்டம் மட்டும் 750 ரூபாய். வரைபடத்தில் இருக்கும் அளவு நம் சட்டத்தோடு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு மூட்டாக மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

கட்டில் இன்னும் மோசம். அமெரிக்க குயின் அளவு மெத்தை 60க்கு 80 அங்குலம். நம் கடைகளில் அதே குயின் என்று சாதாரணமாகக் கிடைப்பது 60க்கு 72, 75 அல்லது 78. அந்த வரைபடத்தை நம்பிக் கட்டில் செய்து 75 அங்குல மெத்தையைப் போட்டால் கால்மாட்டில் 5 அங்குலப் பள்ளம் நிற்கும். இல்லையென்றால் மெத்தையைத் தனியாக ஆர்டர் கொடுக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். ஒரு கிராஃப் பேப்பரில் 8க்கு 4 செவ்வகம் போட்டு, அதற்குள் பலகைகளை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள்தான் 4,500 ரூபாய் தொகுப்பைவிட உபயோகம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். 4 அடி அகலத்தைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டுமே முழு 2 அடி இருக்காது. அளவை அதற்கேற்பப் போட வேண்டும்.

இந்தத் தாளோடு பெரிய பிளைவுட் கடைக்குப் போங்கள். பேனல் ரம்பம் வைத்திருக்கும் கடையில் அளவு சொன்னால் நேராக அறுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் சர்க்குலர் ரம்பமே தேவையில்லை. கருவிப் பட்டியலும் டிரில், நான்கு கிளாம்ப், மூலைமட்டம், கைரம்பம், உப்புத்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க் என்று சுருங்கி 7,000க்குள் அடங்கிவிடும். ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 303 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் படும் இடத்துக்கு என்றால் ஐஎஸ் 710 கேளுங்கள், விலை கூடுதல்தான். பில் கேட்டு வாங்குங்கள்.

வார்ட்ரோபை மட்டும் அவர் தனியாகத் தொட வேண்டாம். ஏழடி உயரத்தில் கதவு தொங்காமல் கீல் வைப்பது பழகிய கைக்கே நேரம் எடுக்கும் வேலை. தப்பினால் வீணாவது ஒரு துண்டோடு நிற்காது, ஷீட் ஷீட்டாகப் போகும். ஆனால் பட்டியலிலேயே பெரிய மிச்சம் இதில்தான் இருக்கிறது. மொத்த காண்ட்ராக்டாக விடாதீர்கள். சாமானை நீங்களே வாங்கிக்கொடுத்து, ஆசாரிக்குக் கூலி மட்டும் பேசுங்கள். பல ஊர்களில் கடைக்காரர் ஆசாரிக்குக் கமிஷன் கொடுக்கும் பழக்கம் உண்டு. நேராகப் போய் வாங்கும்போது அதைக் கழித்து விலை கேட்கலாம். அதற்காகக் கூலியில் பேரம் பேசிவிடாதீர்கள், நல்ல ஆசாரிக்கு அந்த நாள் கூலி நியாயமானது. உதவியாளாக வேறொருவரை வைக்காமல் உங்கள் கணவரே லீவு நாட்களில் கூட நிற்கட்டும். உதவியாள் கூலி நாளுக்கு 800 என்றால் ஆறு நாள் வேலையில் 4,800 மிச்சம். படிப்பு மேசையில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு, அதுவும் ஒரு ரூபாய் கருவி வாங்காமல். தச்சு வேலையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட மாதிரி ஆகும். முன்கூட்டியே ஆசாரியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் வரும் வரிசையில் செலவைப் போடுவோம். மாதம் 38,000 கட்டாயம் வெளியே போகும் குடும்பத்துக்கு இரண்டு மாதப் பணமாவது தொடாமல் இருக்க வேண்டும். அது 76,000. ஆக உங்கள் கையிருப்பில் செலவழிக்கலாம் என்று நான் சொல்வது 14,000தான். கிரகப்பிரவேசச் செலவை இதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் மேசையையும் ஒரு மாதம் தள்ளுங்கள். இல்லையென்றால் கருவிக்கு 7,000, மேசைக்கு 5,420, ஆவணியில் இது போதும். செருப்பு ஸ்டாண்டும் புத்தக அலமாரியும் அடுத்த இரண்டு மாத மிச்சத்தில் வரட்டும். இந்த மூன்றும் முடியும்போது கருவிக்குப் போட்ட பணம் ஏறக்குறைய திரும்பியிருக்கும். அதற்குப் பிறகு செய்வதில்தான் உண்மையான மிச்சம். தீபாவளி போனஸ் வந்தால் வார்ட்ரோப். அதுவரை பீரோ போதும். இரும்புக் கட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எனாமல் பெயின்ட் அடித்தால் இன்னும் பல வருடம் வரும். அதை மாற்ற இந்த வருடம் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். டைனிங் டேபிள் அடுத்த வருடம். மரத்தில்தான் வேண்டும் என்றால் பழைய வீடு இடிக்கும் இடங்களிலிருந்து வரும் மரத்தை விற்கும் கடைகளில் பாருங்கள். பல வருடம் காய்ந்த மரம் எளிதில் வளையாது. ஆணி, கரையான் தடம் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் ஒன்று செய்துவிடுங்கள். உங்கள் கணவர் பெயரில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று அவர் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியில் கேளுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறப்பு அல்லது முழு ஊனம் என்றால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு கண் பார்வையோ முழுதாகப் போனால் 1 லட்சம். விரல் போனால் இதில் எதுவும் கிடைக்காது. அதனால் தொழிற்சாலை தரும் குரூப் மருத்துவக் காப்பீடு வீட்டில் நடக்கும் விபத்துக்கும் செல்லுமா என்று எச்ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு டிரில்லைக் கையில் எடுக்கட்டும்.