அம்மாவுக்கு எதிர்த் திசையில் ஒரு படிப்பு

அன்புள்ள மாணவிக்கு,

கணக்குப் பதிவியல் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு நீ சொல்லும் காரணம் ஒரே வரிதான்: "அம்மா மாதிரி ஆகிவிடக் கூடாது." கடிதத்தின் மீதிப் பகுதி முழுக்க அம்மாதான். மாதச் சம்பள வேலையை உதறிவிட்டு நாடகமே கதி என்று இருப்பவர், ஒரு வேடத்துக்காக மொட்டையடித்த தலையோடு பெற்றோர் கூட்டத்துக்கு வந்து நின்றவர், "இயந்திரமாகப் போகிறாயா?" என்று உன்னைக் கேட்டவர். கணக்கு உனக்குப் பிடிக்குமா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மாதம் பணம் வருமா வராதா என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளை நிலையான வருமானத்துக்கு ஏங்குவதில் எந்தத் தவறும் இல்லை. அதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னாலும், அம்மாவே சொன்னாலும், நான் ஏற்கமாட்டேன். அம்மாவைப் பார்த்துத் தோழிகள் சிரித்தபோது நீ கூசிப்போனதும் இந்த வயதுக்கு இயல்பானது. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் எதிலிருந்து ஓட வேண்டும் என்று மட்டுமே பயத்துக்குத் தெரியும். நாளைக்கு எந்த வேலையில் உன் மனம் ஒன்றும் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் வளரிளம் பருவத்தினரின் அடையாளத் தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமலேயே முடிவெடுத்துவிடும் நிலை. பெற்றோர் காட்டிய வழியை அப்படியே பிடித்துக்கொள்வதை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். பெற்றோர் போன வழிக்கு நேர் எதிரான வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதையும் நான் இதே வகையில்தான் சேர்ப்பேன். அப்போதும் உன் படிப்பைத் தீர்மானிப்பவர் அம்மாதான்.

அதனால் அம்மாவைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்காளரின் ஒரு சாதாரண நாளைப் பார். பேரேடு என்னும் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தொகையும் வங்கி அறிக்கையில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகவில்லை, 90 இடிக்கிறது. அனுபவசாலி உடனே 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிப்பார். பக்கம் பக்கமாகத் தேடினால், 540 என்று எழுத வேண்டிய இடத்தில் 450 இருக்கும். இதைப் படிக்கும்போது அந்தப் பிழையை நீயே தேடிப் பிடிக்க வேண்டும் என்று கை பரபரத்ததா? அப்படியானால் இந்தப் படிப்பு உனக்குப் பொருந்த வாய்ப்புண்டு. கொட்டாவி வந்தால், நிலையான வருமானம் தரும் வேறு துறைகள் எத்தனையோ இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்து தேடுவோம்.

இன்னொரு யோசனை. உன் அம்மாவைப் போன்ற கலைஞர்களுக்குத்தான் கணக்கு வைப்பது மிகவும் கடினம். முன்பணம் ஒரு மாதம் வரும், மீதி எப்போதோ வரும். பயணச் செலவு, உடைச் செலவு, வரி என்று எல்லாம் கலந்து கிடக்கும். அம்மா சம்மதித்தால் மூன்று மாதம் அந்த வரவுசெலவை நீ எழுதிப் பார். வேலை உனக்குப் பிடிக்கிறதா என்பது தெரியும். அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் தெரியும். நீ பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லாமல் இருக்கலாம். நினைத்ததைவிட மோசமாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உன் கல்லூரிச் செலவைப் பற்றி எண்களை வைத்துக்கொண்டு பேசலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இரு: எழுதிக் காட்டுவது வரைதான் உன் வேலை. வீட்டின் கடனை அடைக்கும் பொறுப்பு உன்னுடையதாக ஆகிவிடக் கூடாது.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டுவாய் என்று நம்பி, அவருக்கும் சில வரிகள்.

அம்மா, உங்கள் மகள் பேரேட்டைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வாழ்க்கைக்கு அவள் எழுதும் தீர்ப்பு ஆகாது. ஊர் சொன்னதைக் கேட்காமல் உங்கள் வழியில் போனீர்கள். அதே உரிமையை அவள் இப்போது உங்களிடம் கேட்கிறாள். கணக்கில் உயிர் இல்லை என்று நினைத்தால் ஒரு செய்தி: ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சான தன் நூலில் விளக்கிய கணித அறிஞர் லூக்கா பச்சோலி, ஓவியர் லியோனார்டோ டா வின்சியின் நண்பர். பச்சோலியின் மற்றொரு கணித நூலுக்குப் படங்கள் வரைந்தவரே டா வின்சிதான். "இயந்திரம்" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அது அவளை ஆழமாகக் காயப்படுத்தியிருக்கிறது.

இருவரும் ஒன்றாக வாருங்கள். முதல் அரை மணி நேரம் மகளோடு தனியாகப் பேசுவேன், பிறகு மூவரும் பேசலாம். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்துவிட்டால் கணக்குப் பதிவியலுக்கே விண்ணப்பித்து வை. கூடவே, நிஜமாகவே பிடித்த இன்னொரு பாடத்தையும் இரண்டாவது விருப்பமாக எழுது. அம்மாவுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்காமல் அதை நிரப்பு.