மாடல் ஒன்று சொல்கிறது, கேஜ் வேறொன்று காட்டுகிறது

வாசகர் ஒருவரின் கேள்வி: குடிநீர் வலையமைப்பை ஈபிஏநெட்டில் (குழாய்களில் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் இலவச மென்பொருள்) வரைந்தாயிற்று, ஆனால் சில இடங்களில் பிரஷர் கேஜ் மாடலைவிட 8 மீட்டர் (அழுத்தத்தை நீர் உயரமாகச் சொல்லும் அளவு) குறைவாகக் காட்டுகிறது. ஹேசன்-வில்லியம்ஸ் சி மதிப்பை (குழாயின் வழவழப்பைக் குறிக்கும் எண், குறைந்தால் உராய்வு கூடும்) குறைத்தால் பொருந்திவிடுகிறதாம். குறைக்கலாமா, இதிலேயே மழைநீர் வடிகாலையும் சேர்க்கலாமா என்கிறார்.

அவசரப்பட்டு சி-யில் கை வைக்காதீர்கள். அதைக் குறைத்துக்கொண்டே போனால் அன்றைக்கு அளந்த எண்ணோடு பொருந்தும்தான், ஆனால் நாளை ஒரு புதுக் குழாயை இணைத்துப் பார்க்கும்போது மாடல் சொல்வதெல்லாம் தப்பாக இருக்கும்.

24 மணி நேரமும் நீர் ஓடும் அமைப்பு என்றால், நள்ளிரவு தாண்டி அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். உராய்வு இழப்பு (குழாய்ச் சுவரில் உரசி நீர் இழக்கும் அழுத்தம்) ஓட்டத்தின் 1.85 அடுக்கில் மாறுவதால், ஓட்டம் பாதியானாலே இழப்பு கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்கிவிடும். அதனால் இரவில், கசிவு மிக அதிகமாக இல்லாதவரை, கேஜ் காட்டுவது ஏறக்குறைய தொட்டி நீர்மட்டத்துக்கும் கேஜ் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். அப்போதும் 8 மீட்டர் இடித்தால் குழாய்மேல் பழி போடாதீர்கள். தரைமட்டம், தொட்டி மட்டம், கேஜ் இந்த மூன்றில் ஒன்று தப்பு. இலவச செயற்கைக்கோள் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சகஜம் (பலர் அதைத்தான் போட்டிருப்பார்கள்).

சரி, இரவில் பொருந்திப் பகலில் மட்டும் இடிக்கிறதா? இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அழுத்தம் திடீரென்று விழுந்தால், பாதி மூடிக் கிடக்கும் வால்வைத் தேடுங்கள். வழிநெடுகக் குறைந்துகொண்டே வந்தால், அந்தப் பக்கம் போட்டிருக்கும் நீர்த்தேவையையும் குழாய் விட்டத்தையும் சரிபாருங்கள். வரைபடத்தில் 150 மி.மீ. என்றிருப்பது மண்ணுக்குள் 100 ஆக இருந்தால் இழப்பு 7 மடங்கு. சி-யை 130-லிருந்து 100-க்கு இறக்கினாலோ சுமார் 60 சதவீதம்தான் கூடும். பிவிசி குழாய்க்கு 60 போட்டால்தான் பொருந்துகிறது என்றால் வேறெங்கோ கோளாறு.

மழைநீர் வடிகாலை இதில் சேர்க்க முடியாது. ஈபிஏநெட், குழாய் எப்போதும் நிரம்பி அழுத்தத்தில் ஓடுவதாகவே கணக்கிடும், வடிகால் எப்போதும் அப்படி ஓடுவதில்லை. வடிகாலுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் எஸ்டபிள்யூஎம்எம் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் ஓட்டத்தைக் கணக்கிட டைனமிக் வேவ் முறையை எடுங்கள். அதைவிட எளிய முறையான கைனமேட்டிக் வேவில் நீர் எதிர்த்துத் தேங்குவது தெரியவே தெரியாது. அப்புறம், வடிகால் ஆற்றில் விழும் இடத்தை 'ஃப்ரீ' (வெளியே தடுக்கும் நீர்மட்டம் இல்லை) என்றே விட்டுவிடாமல் வெள்ளக் கால ஆற்று மட்டத்தைக் கொடுங்கள்.