50 எம்எம் லென்ஸில் கண்ணைக் குறிவைத்தால் காதுதான் ஷார்ப்பாக வருகிறது, லென்ஸ் போய்விட்டதா?

போயிருக்காது, பெரும்பாலும் இது பேக் ஃபோகஸ், அதாவது குறிவைத்த இடத்துக்குப் பின்னால் ஃபோகஸ் விழுவது. டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸைக் கணக்கிடுவது படம் பதியும் சென்சார் இல்லை, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சென்சார், அந்த இரண்டுக்குமான தூரக் கணக்கில் மயிரிழை பிசகினாலும், லென்ஸ் அகலமாகத் திறந்து ஷார்ப்பான பகுதி மெல்லியதாக இருக்கும் எஃப்/1.8-இல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

முதலில் பிரச்சினை கருவியிலா கையிலா என்று பாருங்கள். கேமராவை டிரைபாடில் வைத்து, சிங்கிள் பாயிண்ட் (ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளி), எஃப்/1.8, செய்தித்தாள் ஒன்றைச் சாய்த்து வைத்து நடுவில் ஒரு தலைப்பில் ஃபோகஸ். அதையே லைவ் வ்யூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, இன்னொரு முறை. லைவ் வ்யூ மெயின் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அந்தப் படம் மட்டும் சரியாக வந்தால் பிரச்சினை ஏஎஃப் சென்சாரின் கேலிப்ரேஷனில் (அளவுப் பொருத்தத்தில்) தான். இரண்டுமே சொதப்பினால் ஷட்டர் வேகம், லென்ஸில் அழுக்கு என்று வேறு பக்கம் தேடுங்கள்.

சரி, திருத்துவது? நிக்கானில் ஏஎஃப் ஃபைன் ட்யூன், கேனானில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், இரண்டிலும் -20 முதல் +20 வரை. உங்களுக்கு ஃபோகஸ் பின்னால் விழுகிறது, அதனால் மைனஸ் பக்கம். -5 வைத்து எடுத்துப் பாருங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஃபோகஸ் ரிங்கைக் கையால் கலைத்துவிட வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிக்கான் டி5600, கேனான் 1500டி மாதிரி கேமரா பாடிகளில் இந்த மெனுவே கிடையாது, லைவ் வ்யூவில் எடுங்கள், இல்லையென்றால் பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள்.