மருந்துக் கலவையில் ‘இரட்டித்துக் கலத்தல்’ என்றால் என்ன?

மிகக் குறைந்த அளவுள்ள மருந்துப் பொடியை அதிக அளவுள்ள வெறும் பொடியுடன் ஒரேயடியாகக் கொட்டாமல், ஒவ்வொரு முறையும் கல்வத்தில் (மருந்து அரைக்கும் கிண்ணத்தில்) ஏற்கெனவே இருக்கும் அளவுக்குச் சமமாக மட்டும் சேர்த்துக் குழவியால் அரைத்துக் கலப்பதே இரட்டித்துக் கலத்தல் ஆகும். 1 கிராம் மருந்தை 15 கிராம் லாக்டோசுடன் (பால் சர்க்கரை, இங்கே வெறும் பொடி) கலக்க வேண்டுமானால், முதலில் 1 கிராம் லாக்டோஸ், பிறகு 2, பிறகு 4, கடைசியாக 8 கிராம் எனச் சேர்க்க வேண்டும். நான்கே தடவையில் வேலை முடிந்துவிடும்.

அளவில் பெரிதும் வேறுபடும் இரண்டு பொடிகளை ஒன்றாகக் கொட்டினால், சிறியது ஓரிடத்தில் திட்டாகத் தங்கிவிடக்கூடும். அப்போது ஒரு பொட்டலத்தில் மருந்து மிகுந்தும் மற்றொன்றில் இல்லாமலும் போகும். சம அளவில் சேரும்போது இரண்டின் துகள்களும் எளிதில் ஒன்றோடொன்று பரவுகின்றன.

தர்மபுரிப் பக்கத்து வீடுகளில் கேழ்வரகு பக்கோடாவுக்கு ஆப்பசோடா போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு படி மாவின் மேல் சிட்டிகை சோடாவைத் தூவிப் பிசைந்தால் ஏதோ ஒரு பக்கோடா மட்டும் கசக்கும். கைப்பிடி மாவில் முதலில் கலந்துகொள்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கட்டியை நொறுக்கச் சொரசொரப்பான பீங்கான் கல்வம் ஏற்றது. சாயம் ஒட்டும் மருந்துகளுக்குக் கண்ணாடிக் கல்வமே நல்லது. களிம்புக்கோ, வழவழப்பான பலகையும் தட்டையான கரண்டியும் போதும், முறை அதேதான்.

நெடுநேரம் அரைத்தால் எப்படிக் கொட்டினாலும் சீராகிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். சேர்க்கும் வரிசை தவறினால் நேரம் மட்டும் அதைச் சரிசெய்துவிடும் என்று நம்ப முடியாது.